ஃப்ரீசரிலிருந்து நேராகக் கிரிலுக்கு: உறைந்த பர்கரோடு பல வருட அனுபவம்

உறைந்த பர்கரைக் கிரிலில் சுடுவது பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். மெல்லிய வில்லையாக இருந்தால் உருக வைக்க வேண்டாம், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு கிரிலில் வைத்துவிடலாம். ஆனால் புதுக் கறிக்குக் கொடுக்கிற தீயை அதற்குக் கொடுக்கக் கூடாது. முதலில் மூடி போட்டு மிதமான சூடு, நிறம் வர வேண்டிய நேரத்தில் மட்டும் பெரிய தீ. இந்த வரிசை மாறினால் வெளியே கருகிவிடும், உள்ளே ஐஸ் அப்படியே இருக்கும்.

கேஸ் கிரில், கரி கிரில் இரண்டையும் பல வருடங்களாகப் புழங்கி வருகிறேன். வாரக் கடைசியில் வீட்டில் ஆள் கூடினால் பெரும்பாலும் உறைந்த பர்கர்தான். அதைத் தரம் குறைந்த சமையல் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அந்த முறையில் செய்தால் நன்றாகவே வருகிறது.

எல்லாவற்றுக்கும் மூலம் அந்த ஐஸ்தான். அரைத்த இறைச்சியில் பாதிக்கு மேல் தண்ணீர். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அதில் பெரும்பகுதி கட்டியாகிவிடுகிறது. ஒரு கிராம் ஐஸை உருக்க மட்டும் 334 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை வைத்து ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடேற்றிவிடலாம். அதாவது, கிரிலில் வைத்த முதல் சில நிமிடங்களில் நாம் கொடுக்கும் சூட்டில் பெரும்பங்கு கறியை வேக வைக்கப் போவதே இல்லை, ஐஸை உருக்குவதற்கே போய்விடுகிறது. அந்த நேரத்தில் தீயைக் கூட்டினால் அடிப்பக்கம் மட்டும்தான் கருகும். நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர நேரம் வேண்டும், அதைத் தீயை ஏற்றிக் குறுக்கிவிட முடியாது. புதுக் கறிக்கு ஆவதைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க வேளாண் துறை உறைந்த இறைச்சிக்குச் சொல்லும் பொதுக் கணக்கும் அதுதான், என் கிரிலிலும் அது பெரும்பாலும் ஒத்துவருகிறது.

இன்னொன்று ஈரம். மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் சுட்ட வாசனையும் வரவோ 140 டிகிரி அளவுக்காவது சூடு வேண்டும். உறைந்த வில்லையின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் பனித்துகளை ஒரு காகிதத் துண்டால் துடைத்துவிட்டு வைத்தாலே வித்தியாசம் தெரியும். சின்ன வேலைதான், ஆனால் நான் ஒருபோதும் விடுவதில்லை.

கேஸ் கிரிலில் நான் செய்வது இப்படி. எல்லா பர்னரையும் ஏற்றி, மூடியைப் போட்டு 10 முதல் 15 நிமிடம் காய விடுவேன். கம்பியைச் சுத்தம் செய்து, எண்ணெய் தொட்ட துணியை இடுக்கியால் பிடித்து ஒருமுறை தேய்த்துவிட்டு, தீயை மிதத்துக்குக் குறைப்பேன். மூடியில் இருக்கும் மானியை மட்டும் நம்ப வேண்டாம். அது மேலே இருக்கும் காற்றின் சூட்டைத்தான் காட்டும், கம்பியின் சூடு வேறாக இருக்கும். பிறகு வில்லைகளை இடைவெளி விட்டு வைப்பேன். கிரில் முழுக்க அடைத்து வைத்தால் அத்தனை ஐஸும் சேர்ந்து கம்பியின் சூட்டை இழுத்துக்கொள்ளும், சுடுவதற்குப் பதிலாக எல்லாம் ஆவியில் அவிந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கூட்டம் அதிகமென்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள்.

வைத்தவுடன் மூடியை மூடிவிட வேண்டும். உறைந்த பர்கருக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் மூடியிருந்தால்தான் மேலிருந்தும் சூடு இறங்கும். 113 கிராம் எடையில், விரல் பருமனுக்கும் குறைவாக இருக்கும் வில்லைக்கு முதல் பக்கம் 5, 6 நிமிடம் கொடுப்பேன். அதற்கு முன்னால் கரண்டியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டாம். கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம், அடிப்பக்கம் சிவந்ததும் தானாகவே விடும். ஒருமுறை திருப்பிய பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டே இருக்கலாம். ஒரே தடவைதான் திருப்ப வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அடிக்கடி திருப்பினால் இரு பக்கமும் சமமாக வேகிறது, ஓரம் மேலே வளைவதும் குறைகிறது, அதனால் நான் அந்தப் பேச்சைக் கேட்பதில்லை. மொத்தத்தில் 10 முதல் 13 நிமிடம் ஆகும். காற்று பலமாக அடித்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

கரி கிரில் வேறு மாதிரி, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். கரி முழுவதையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தைக் காலியாக விடுவேன். உறைந்த வில்லைகள் முதலில் தீ இல்லாத பக்கத்தில். மூடியின் காற்றுத் துளை வில்லைகளுக்கு நேர் மேலே வரும்படி மூடினால் புகையும் சூடும் அவற்றின் மீது படர்ந்துதான் வெளியே போகும். ஐஸ் உருகி, மேற்பரப்பு காய்ந்து, நடுவில் 50 டிகிரி அளவுக்கு வந்ததும் கரிக்கு மேலே நகர்த்திப் பக்கத்துக்கு ஓரிரு நிமிடம் சுட்டெடுப்பேன். ஈரம் முன்பே போய்விட்டதால் நிறம் சட்டென்று ஏறும். கொழுப்பில் ஒரு பங்கு காலிப் பக்கத்திலேயே சொட்டியிருக்கும், ஆகவே தீயும் குப்பென்று எழும்பாது.

அந்தத் தீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுக் கறியில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே கொழுப்பு சொட்ட ஆரம்பிக்கும். உறைந்ததில் முதல் சில நிமிடம் ஒன்றுமே நடக்காது, கிரில் அமைதியாக இருக்கும். நாம் அந்தப் பக்கம் பேசப் போய்விடுவோம். முதல் தடவை திருப்பும் சமயத்தில்தான் உருகிய கொழுப்பு மொத்தமாக இறங்கித் தீ பிடிக்கும். அந்த நேரத்தில் கிரிலை விட்டு நகராதீர்கள். தண்ணீர் தெளிக்கக் கூடாது, எரியும் கொழுப்பு தெறிக்கும். வில்லையைத் தீ இல்லாத பக்கத்துக்குத் தள்ளி, மூடியைப் போட்டால் அடங்கிவிடும். கரண்டியால் வில்லையை அழுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். அழுத்தினால் வரும் அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே இருக்க வேண்டிய சாறுதான் தீயில் விழுகிறது. உறைந்த கறியில் ஏற்கெனவே சாறு குறைவு, இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும்.

அடுத்தது தெர்மாமீட்டர். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், வெளியே சுட்டால் போதும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு உள்ளே எல்லா இடத்துக்கும் கலந்துவிடுகிறது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சாகாது, வளராமல் கிடக்கும், அவ்வளவுதான். 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கர் சாப்பிட்டு 700க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். ஈ.கோலை வகை பாக்டீரியா ஒன்றுதான் காரணம். வீட்டில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பரிமாறுகிற எனக்கு அந்தச் செய்தி ஒன்றே போதும்.

மாட்டிறைச்சி வில்லையின் நடுவில் 71 டிகிரி வர வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. பிரிட்டனில் 70 டிகிரியில் 2 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறார்கள். கோழி, வான்கோழி என்றால் 74. நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. காற்றுப்பட்ட இறைச்சி, தேவையான சூடு வருவதற்கு முன்பே உள்ளே பழுப்பாகிவிடக்கூடும். நான்கில் ஒரு பர்கர் இப்படி ஏமாற்றும் என்று அதே துறை எச்சரிக்கிறது. உறைந்த பர்கரில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஓரம் வெந்து நடு வேகாமல் இருப்பது இதில்தான் அதிகம்.

குத்தும் விதமும் முக்கியம். மேலிருந்து குத்தினால் மெல்லிய வில்லையில் முனை அடிப்பக்கம் போய்விடும். பக்கவாட்டில், நடுவை நோக்கிக் கிடைமட்டமாகச் செலுத்த வேண்டும். முள் வைத்த பழைய வகை மானி, கறியில் குத்தும் தன் ஊசியின் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கோ அதற்கு மேலுமோ உள்ள சூட்டைச் சராசரியாக எடுத்துக் காட்டும், பர்கருக்கு அது தோதானது அல்ல. நுனியில் மட்டும் அளக்கும் டிஜிட்டல் மானியே சரி. எல்லா வில்லையையும் பார்க்க முடியாவிட்டால், கிரிலில் சூடு குறைந்த மூலையில் இருப்பதையாவது பாருங்கள். 71 காட்டியதும் எடுத்துவிடுவேன், அதற்கு மேல் விட்டால் சீக்கிரம் வறண்டுபோகும். எடுத்துப் போடும் தட்டு வேறாக இருக்க வேண்டும். உறைந்த வில்லை இருந்த தட்டில் ஈரம் சொட்டியிருக்கும், அதுவும் பச்சைக் கறியின் நீர்தான்.

உப்பு எப்போது போடுவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. உறைந்த மேற்பரப்பில் உப்பும் மிளகும் ஒட்டாது, உதிர்ந்து தீயில்தான் விழும். முதல் தடவை திருப்பியதும், வெந்த சூடான பக்கம் மேலே வந்திருக்கும்போது தூவுங்கள். நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் ஏற்கெனவே உப்புச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தூவுவது நல்லது, பலவற்றில் இருக்கும். சீஸ் கடைசி ஒரு நிமிடத்தில், மூடியைப் போட்டு. பன்னை ஓரத்தில் வாட்டிக்கொள்ளலாம், அதற்கு முப்பது நொடி போதும்.

பெட்டி வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டு. ஒன்று கொழுப்பின் அளவு. 20 சதவீதம் அளவுக்கு இருந்தால் கிரிலில் சாறோடு வரும், 10 சதவீதம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் அட்டையைப் போல் ஆகிவிடுகிறது. இரண்டாவது, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது. வெறும் இறைச்சி மட்டும் இருப்பதே எனக்குப் பிடிக்கும். ரொட்டித் தூளும் சோயாவும் கலந்தவை சீக்கிரம் சிவந்துவிடும், வெந்துவிட்டது என்று ஏமாந்துபோகலாம். இரண்டு வில்லை ஒட்டிக்கொண்டிருந்தால் கூர் இல்லாத கத்தியை இடையில் இருக்கும் தாளின் ஓரமாகச் செருகித் திருகினால் பிரிந்துவிடும். பிரிப்பதற்காக மேசையில் வைத்து இளக விட வேண்டாம். வெளிப்பக்கம் இளகி மணிக்கணக்கில் கிடப்பதுதான் ஆபத்து.

இப்போதெல்லாம் பெரும்பாலும் நானே செய்து உறைய வைக்கிறேன். கறியை அதிகம் பிசையாமல், ஒரு சென்டிமீட்டர் பருமனுக்குத் தட்டி, நடுவில் லேசாகக் குழி வைத்து, தட்டில் பரப்பி உறைய வைக்க வேண்டும். கல்லாகிய பிறகு இடையில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி, காற்றை அழுத்தி வெளியேற்றிய பையில் போடுவேன். மெல்லியதாகத் தட்டுவதற்குக் காரணம் உண்டு. மெதுவாக உறைந்தால் பெரிய ஐஸ் படிகங்கள் உண்டாகி இறைச்சியின் செல்களைக் கிழித்துவிடும், பிறகு சுடும்போது சாறு ஓடிவிடும். மெல்லியது சீக்கிரம் உறையும். அரைத்த கறியில் உப்பைக் கலந்து உறைய வைக்காதீர்கள், கடிக்கும்போது ரப்பர் போல இறுகிவிடும். மூன்று, நான்கு மாதத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. அதற்கு மேல் கெட்டுப்போகாது, ஆனால் ஓரம் வெளுத்துக் காய்ந்து சுவை போய்விடும்.

புதுக் கறி பர்கரும் இதுவும் ஒன்றா என்று கேட்டால், ஒன்று இல்லை. புதுசில் இருக்கும் அந்த உதிர்வான மென்மை இதில் வராது, கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் புகை வாசனையிலும் மேல் மொறுமொறுப்பிலும் கிரில் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. அடுப்பு வாணலியில் உறைந்த பர்கர் தன் தண்ணீரிலேயே வெந்து வெளுத்துப்போகிறது. கிரிலில் அந்தத் தண்ணீர் கம்பி வழியாகக் கீழே போய்விடுவதால், உறைந்த பர்கருக்கு வாணலியைவிடக் கிரிலே ஏற்றது என்பது என் தீர்மானமான எண்ணம்.

கிரிலுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் கொழுப்பும் சேர்ந்து இறங்குவதால் எண்ணெய்த் தட்டு சீக்கிரம் நிரம்பும், அதை ஒவ்வொரு முறையும் காலி செய்ய வேண்டும். நிரம்பி வழிந்தால் அங்கேயே தீப்பிடிக்கும். வார்ப்பிரும்புக் கம்பி இந்த ஈரத்தில் துருப்பிடிக்கப் பார்க்கும், சூடு ஆறுவதற்குள் சுரண்டி எண்ணெய் தடவிவிட்டால் வருடக்கணக்கில் உழைக்கிறது. கம்பி பிரஷ்ஷை நான் விட்டுவிட்டேன். அதன் முடி உதிர்ந்து கிரில் கம்பியில் தங்கி, உணவோடு தொண்டைக்குள் போய் அவதிப்பட்டவர்கள் உண்டு. மரச் சுரண்டியே போதுமானதாக இருக்கிறது.

தாவரப் புரத வில்லைகள் கிரிலில் சீக்கிரம் ஒட்டும், அவற்றுக்கு இரு பக்கமும் எண்ணெய் தடவ வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தையே பின்பற்றுங்கள், கறிக்கு உள்ள கணக்கு அதற்குப் பொருந்தாது.

இரண்டரை சென்டிமீட்டர் பருமன் உள்ள தடித்த வில்லைகளை மட்டும் நான் உறைந்த நிலையில் சுடுவதில்லை. நடு வேகும்போது ஓரம் காய்ந்துபோகிறது, எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் அப்படித்தான். முதல் நாள் இரவே ஒரு தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுவேன், மறுநாள் அதைப் புதுக் கறியாகவே நினைத்துச் சுடலாம்.