ஏர் ஃபோர்ஸ் ஒன்: போயிங்கின் 390 கோடி டாலரா, கத்தாரின் இலவசமா?

'ஏர் ஃபோர்ஸ் ஒன்' என்ற பெயரில் அமெரிக்க அதிபரைச் சுமக்கும் இரண்டு போயிங் 747-200பி விமானங்களும் 1990-இல் விமானப்படை கைக்கு வந்தவை. ஒரு மணி நேரம் பறக்கவே சுமார் 2 லட்சம் டாலர் ஆகிறது. மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. என்ன விலைக்கு என்பதில்தான் தகராறு.

முதலில் போயிங். 2016 டிசம்பரில், பதவியேற்கும் முன்பே, 400 கோடி டாலருக்கு மேல் ஆகிறது, ஆர்டரை ரத்து செய்யுங்கள் என்று டிரம்ப் ட்வீட் போட்டார். அன்று போயிங் கையில் இருந்தது சுமார் 17 கோடி டாலர் ஒப்பந்தம் மட்டுமே. 2018-இல் இரண்டு விமானங்களுக்கும் சேர்த்து 390 கோடி என்று முடிவானது. 530 கோடியிலிருந்து 140 கோடி மிச்சம் பிடித்துவிட்டோம் என்றது வெள்ளை மாளிகை. எனக்கு இந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. இந்த விமானங்கள் நிற்கும் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் கட்டும் ஹேங்கர் (விமானக் கொட்டகை) உள்ளிட்ட செலவுகளைச் சேர்த்தால், ஒப்பந்தத்துக்குப் பிறகும் திட்டத்தின் மொத்த மதிப்பு அதே 530 கோடிதான்.

உண்மையில் செலவைக் குறைத்தவை வேறு. டிரான்சேரோ என்ற ரஷ்ய விமான நிறுவனத்துக்காகக் கட்டி, அது நொடித்ததால் விலைபோகாமல் நின்ற இரண்டு 747-8 விமானங்களை எடுத்துக்கொண்டார்கள். நடுவானில் எரிபொருள் நிரப்பும் வசதியையும் விட்டுவிட்டார்கள்.

இந்த ஒப்பந்தத்தின் பெரிய பலம் நிலையான விலை. கூடுதலாக ஆகும் செலவு போயிங் தலையில் விழும். அப்படித்தான் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் வந்தது. இதை எடுத்திருக்கவே கூடாதோ என்று அதன் தலைவர் டேவிட் கால்ஹூனே 2022-இல் சொன்னார். மக்கள் பணம் தப்பியது, காலம்தான் தப்பவில்லை. 2024-இல் வரவேண்டியவை பல ஆண்டுகள் தள்ளிப்போயின.

அந்த இடைவெளியில்தான் கத்தார் வந்தது. அது இலவசமாகக் கொடுத்து, 2025 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் ஏற்றுக்கொண்ட ஒரு 747-8-இன் மதிப்பு சுமார் 40 கோடி டாலர் என்றார்கள். கொள்முதல் விலை பூஜ்யம், சரி. அப்புறம்? வேறொரு அரசு பயன்படுத்திய விமானம் என்பதால் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரகசியத் தொடர்பு, ஏவுகணைத் தற்காப்பு எல்லாம் புதிதாகப் பொருத்த வேண்டும். இதற்கு 40 கோடிக்குள் ஆகும் என்றார் விமானப்படைச் செயலர் டிராய் மெய்ங்க். 100 கோடியைத் தாண்டும் என்பது எதிர்ப்பாளர்கள் வாதம்.

மெய்ங்க் சொன்னதையே எடுத்துக்கொண்டாலும், கிடைப்பது ஒரே விமானம். அதையும் பதவிக்காலம் முடிந்தபின் தன் அதிபர் நூலக அமைப்புக்குக் கொடுக்கப்போவதாக டிரம்ப் சொன்னார். சில ஆண்டுகளுக்காக இவ்வளவு செலவா? போயிங்கின் இரண்டோ பல பத்தாண்டுகள் ஓடக்கூடியவை. தாமதத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் என் ஓட்டு அந்தப் பழைய ஒப்பந்தத்துக்கே. கத்தார் விமானத்தை மாற்றியமைக்கும் செலவை ரகசியம் என்று மூடிவைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. போயிங் விலையைப் பொதுவெளியில் போட்டு உடைத்தவர்கள், இதையும் வரி கட்டுகிறவர்கள் முன் வைத்திருக்க வேண்டும்.