மகளுக்கு எந்தக் கல்லூரி: பக்கத்து ஊரா, நாகர்கோவிலா?

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். வேதியியல்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்தை அடுத்து, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. இரண்டு கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்தோம். ஒன்று, பஸ்ஸில் இருபது நிமிடத்தில் போய்ச் சேரும் சிறிய மகளிர் கல்லூரி. மற்றது நாகர்கோவிலில் உள்ள பெரிய மகளிர் கல்லூரி, தன்னாட்சி பெற்றது.

பணக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து பால் குறையும். ஜூனில் மழை பிடித்தால் பால்வெட்டு அடிக்கடி நின்றுபோகும். கையில் காசு இல்லாத அந்த நேரத்தில்தான் கல்லூரிக் கட்டணம் வந்து நிற்கிறது. ஆகவே இரண்டு இடத்திலும் நாங்கள் முதலில் கேட்டது, "இது உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" என்பதைத்தான். ஒரே கல்லூரிக்குள் இரண்டும் இருக்கலாம். உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதால் கட்டணம் குறைவு. சுயநிதியில் அத்தனை சுமையும் பெற்றோர் தலையில்தான். என் அக்கா மகளுக்கு, முதல் ரசீது கைக்கு வந்த பிறகுதான் தான் சேர்ந்திருப்பது சுயநிதிப் பிரிவு என்று தெரிந்தது. அக்கா வளையலை அடகு வைத்தாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

சிறிய கல்லூரி என்றால் செலவும் சிறியது என்று நினைத்துப் போன எங்களுக்கு ஏமாற்றம். அங்கே வேதியியல் சுயநிதி. நாகர்கோவிலில் உதவிபெறும் பிரிவு இருக்கிறது, போட்டியும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இந்த இரண்டில் எங்கே சேர்ந்தாலும் கிடைக்கும். அரசுக் கல்லூரிக்கு மட்டும்தான் என்று எங்கள் தெருவில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

தன்னாட்சி என்ற சொல்லுக்கு ரொம்பவும் மயங்க வேண்டாம். அந்தக் கல்லூரி பாடத்திட்டத்தையும் கேள்வித்தாளையும் தானே வகுத்துக்கொள்ளும். சிறிய கல்லூரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பாடத்தையும் தேர்வையும் பின்பற்றும். பட்டத்தை இரண்டுக்கும் அதே பல்கலைக்கழகம்தான் தருகிறது. ஆனால் ஆசிரியர் விஷயத்தில் நாகர்கோவில் தெளிவாக மேல். முனைவர் பட்டம் பெற்றவர்கள், பல ஆண்டுகளாக ஒரே துறையில் இருப்பவர்கள். சிறிய கல்லூரியில் இளம் ஆசிரியைகள் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். இந்தக் குறையை அங்கிருந்த மூத்த ஆசிரியையே மறைக்காமல் சொன்னார்.

என் மனத்தைத் திருப்பியது அவர் காட்டிய ஆய்வக ரெக்கார்டு நோட்டுகள். போன வருடத்து மாணவிகள் எழுதியவை. ஒருத்தியின் பியூரெட் (கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) அளவு 18.4, அடுத்தவளுக்கு 18.7, இன்னொருத்தி 19.2 என்று எழுதி அடித்துவிட்டு மறுபடி செய்திருக்கிறாள். நானும் பிளஸ் டூவில் அறிவியல் படித்தவள்தான். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் அளவையே எல்லோரும் பார்த்து எழுதினோம். இங்கே ஒவ்வொரு பெண்ணும் தன் கையால் செய்திருக்கிறாள். நாகர்கோவிலில் நாங்கள் போன அன்று கூட்டம் அதிகம், ஆய்வகத்துக்குள் போக முடியவில்லை. அதை அவர்கள் குறையாக நான் எழுதவில்லை.

அடுத்தது பயணம். நாகர்கோவிலுக்கு ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ்தான் வேண்டும் என்றால் காத்திருக்கும் நேரமும் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு மணிக்கே ரப்பர் மரங்களுக்கு அடியில் இருட்டிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வழியாகத்தான் அவள் வீட்டுக்கு நடந்து வர வேண்டும். விடுதியில் சேர்த்தால் உதவிபெறும் பிரிவில் மிஞ்சும் பணம் விடுதிக்கே போய்விடும்.

திருவனந்தபுரத்தையும் யோசித்தோம். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மகளுக்கு மலையாளம் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

சிறிய கல்லூரியில்தான் சேர்க்கப்போகிறோம். எம்.எஸ்ஸி.க்கு நாகர்கோவில் போகட்டும், அப்போது அவளுக்கு இருபது வயது ஆகியிருக்கும், விடுதியில் இருந்து படிக்கலாம். உங்கள் வீடு தக்கலைக்குத் தெற்கே, நாகர்கோவில் சாலையை ஒட்டி இருந்து, உதவிபெறும் பிரிவில் இடமும் கிடைத்தால், பெரிய கல்லூரியிலேயே சேர்த்துவிடுங்கள். எங்களுக்கும் அப்படி அமைந்திருந்தால் அதைத்தான் செய்திருப்போம்.