"இன்னாபா, யாரு டர்னு?": சண்டையை வேகமாக்க எந்த இனிஷியேட்டிவ் முறை?

பெரம்பூர் மொட்டை மாடியில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கதை விளையாட்டுக்கு ஆறு மணிக்கு ஐந்து பேரும், ஆட்டத்தை நடத்தி எதிரிகளையும் ஆடும் ஒரு டிஎம்மும் உட்கார்ந்தால், ஒன்பதுக்குள் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். நடுவில் எட்டு கோப்ளின் (குட்டி அரக்கர்கள்) வந்துவிட்டால் பாதி நேரம் அதற்கே சரி. டைஸ் உருட்டுவதில் போவது கொஞ்சம்தான். "யாரு டர்னு?", "இரு மச்சி, ஸ்பெல்லைப் பார்த்துக்கறேன்" என்பதில்தான் மீதி கரைகிறது. தன் முறை எப்போது வரும் என்று ஆளுக்கு முன்கூட்டியே தெரிகிறதா? இதை வைத்துத்தான் இனிஷியேட்டிவ், அதாவது சண்டையில் யாருக்குப் பின் யார் என்ற வரிசை, போடும் முறைகளை எடைபோட வேண்டும்.

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் வழக்கமான முறையில் ஆளாளுக்கு ஒரு டி20 (இருபது முக டைஸ்) உருட்டி, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) போனஸைக் கூட்டி, பெரிய எண்ணிலிருந்து வரிசை போடுகிறோம். எட்டு கோப்ளினுக்கும் தனித்தனியாக உருட்டும் டிஎம் பதின்மூன்று வரி எழுதிக்கொண்டிருப்பார். ஒரே வகைப் பிராணிகளுக்கு ஒரே உருட்டு என்று விதியே சொல்கிறது. ஆறு வரியில் முடியும். அந்த வரிசை டிஎம் நோட்டுக்குள் கிடந்தால் பிரயோஜனமில்லை. துணி கிளிப்பில் பெயர் எழுதி, டிஎம் முன்னால் நிற்கும் மறைப்பு ஸ்கிரீன் மேல் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டுங்கள்.

ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம், எதிரிகள் ஒரு பக்கம் என்று பக்கத்துக்கு ஒரு உருட்டு என்பது டி அண்ட் டியின் பழைய பேசிக் பதிப்புக் காலத்து வழி. அப்போது டி6, 2014 டிஎம் கையேட்டில் விருப்ப விதியாக வந்தபோது போனஸ் இல்லாத டி20. ஜெயித்த பக்கம் முழுக்க முதலில் ஆடும். சில்லறை எதிரிகள் நிறைய இருந்தால் இதைவிட வேகமானது இல்லை. ஆனால் கோப்ளின்கள் ஜெயித்தால்? ஏசி (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 12, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 20 உள்ள மூன்றாம் லெவல் விஸார்டை (மந்திரவாதியை) எட்டும் சூழ்கின்றன என்று வைப்போம். தாக்குதல் போனஸ் +4, அதனால் டைஸில் 8 வந்தால் போதும். அதே கையேட்டின் கும்பல் அட்டவணைப்படி 6 முதல் 12 வரை தேவைப்பட்டால் தாக்கும் இரண்டு பேரில் ஒருவர் அடி விழும். நான்கு அடி, சராசரி டேமேஜ் 5; மொத்தம் 20. டைஸைத் தொடாமலேயே கணக்கு முடிந்தது, விஸார்டும் தரையில். கும்பலை நாலு நாலாகப் பிரித்து, ஒரு பாதியை ஆட்டக்காரர்களுக்கு முன்னும் மறுபாதியைப் பின்னும் விடுவதுதான் மருந்து. ஒரே பெரிய எதிரியோடு மோதும் பாஸ் சண்டைக்கு இந்த முறையே வேண்டாம். அது கை தூக்குமுன் ஐந்து பேரும் அடித்துவிடுவார்கள்.

ஆடி முடித்தவர் அடுத்தவரைக் கைகாட்டும் பாப்கார்ன் முறை கேட்க ஜோராக இருக்கும். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டால் எதிரிகள் கடைசியில் ஆடுவார்கள். ரவுண்டைக் கடைசியாக முடித்த கோப்ளின்தான் அடுத்த ரவுண்டுக்கு ஆளைக் காட்டும். தன் கூட்டாளியையே காட்டினால் பதினாறு தாக்குதல் தொடர்ந்து வரும். "யாருக்குக் குடுக்கலாம்" என்ற பஞ்சாயத்து வேறு. வேண்டாம்.

கேரம் போர்டைச் சுற்றி உட்காருகிறவர்கள் யாரும் முறையைக் கேட்பதில்லை. அதே வழிதான் நான்காவது: அதிகம் உருட்டியவர் தொடங்க, பிறகு உட்கார்ந்த வரிசை, டிஎம் இடத்தில் எதிரிகள். புது ஆட்களுக்கு இதுதான் சரி. இனிஷியேட்டிவைக் கூட்டும் அலெர்ட் ஃபீட் (கூடுதல் திறன்) எடுத்தவருக்கு மட்டும் அந்த போனஸ் (2014 விதிகளில் +5) பெரும்பாலும் வீண். கோபித்துக்கொண்டால் அவரையே தொடங்கச் சொல்லுங்கள்.

எதை எடுத்தாலும் டி20-யையும் டேமேஜ் டைஸையும் சேர்த்தே உருட்டுங்கள். தண்ணீர் டேங்க் அடியில் டைஸ் ஓடாமலிருக்க ஒரு எவர்சில்வர் தட்டு போதும். உள்ளே துணி விரிக்காவிட்டால் கீழ்வீட்டிலிருந்து ஆள் வரும்.