சூப்பர் சிங்கர்: கேட்டு வளர்ந்தவர்களின் சனி, ஞாயிறு மாலைகள்

விஜய் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டியான சூப்பர் சிங்கர் 2006இல் தொடங்கியபோது எனக்கு வயது 33. என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் அந்த நிகழ்ச்சியைப் போடுகிறோம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். இன்று அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பாட்டுப் போட்டி பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, பெரிய விருப்பமும் இல்லை. நானும் என் கணவரும், கும்பகோணத்தில் இருக்கும் என் நாத்தனாரும், எங்கள் தெருவில் எங்கள் வயதை ஒத்த நான்கைந்து வீட்டாரும்தான் வார இறுதி மாலைகளில் அதன் முன் அமர்கிறோம். பெரியவர்களுக்கான முதல் பத்து சீசன்களையும், சிறுவர்களுக்கான ஜூனியர் சீசன்களில் பெரும்பாலானவற்றையும் பார்த்துவிட்டேன். பாடுகிறவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள். விடாமல் பார்க்கிறவர்களோ ஐம்பதைத் தொட்டவர்கள். இது ஏன் என்று யோசிக்காமல் இந்த நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

முதல் காரணம் பாடல்கள். மேடையில் நிற்கும் இளைஞர் பிறப்பதற்குப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த பாடல்களே போட்டியின் முக்கியமான சுற்றுகளில் ஒலிக்கின்றன. 1976இல் இளையராஜா திரையிசைக்கு வந்ததிலிருந்து 1992இல் ரகுமான் வரும்வரையிலான காலம் எங்கள் தலைமுறையின் பள்ளி, கல்லூரிக் காலம். அந்தப் பாடல்களை நாங்கள் எளிதாகக் கேட்டுவிடவில்லை. நான் நாகப்பட்டினத்தில் வளர்ந்தேன். கடலோர ஊர் என்பதால் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். மொட்டைமாடியில் ஆண்டெனாவை உயர்த்தி வைத்தவர்கள் வீட்டில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தெரியும். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை மாலை ஒளியும் ஒலியும் ஒளிபரப்பானால் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டின் திண்ணை நிரம்பிவிடும். பிடித்த பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கேசட் கடையில் கொடுத்து, அறுபது நிமிட டேப்பில் பதிந்து வாங்கிவர ஒரு வாரம் ஆகும். அப்படிக் காத்திருந்து பெற்ற பாடலை நாங்கள் முழுவதுமாகக் கேட்டோம். முன்னிசையில் புல்லாங்குழல் எந்த இடத்தில் நுழைகிறது, இரண்டாவது இடையிசையில் வயலின்கள் எப்படி ஏறுகின்றன, பாடகி எந்தச் சொல்லில் சிரிப்பை மறைத்துப் பாடுகிறார் என்பதெல்லாம் யாரும் கற்றுத் தராமலே மனப்பாடமாயின.

அந்த அறிவுக்கு இன்று எங்கே மதிப்பு இருக்கிறது? கைப்பேசியிலும், வங்கிச் செயலியிலும், பிள்ளைகளின் வேலையிலும் நாங்கள் எப்போதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள். சூப்பர் சிங்கர் ஒளிபரப்பாகும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது தெரிந்ததாக ஆகிறது. விளம்பர இடைவேளையில் நாத்தனார் தொலைபேசியில் அழைத்து, "அண்ணி, அந்தப் பையன் சரணத்துல மூச்சு விட்டது கேட்டுச்சா? அந்த வரி ஒரே மூச்சுல வரணும்" என்கிறாள். அவள் கர்நாடக சங்கீதம் பயின்றவள் இல்லை. நாற்பது ஆண்டுகள் கேட்டவள். இடைவேளை முடிந்து நடுவர் அதே இடத்தை அதே குறையோடு சுட்டிக்காட்டும்போது அவளுக்குக் கிடைக்கும் நிறைவை, வேறு எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அவளுக்குத் தந்து நான் பார்த்ததில்லை. நடுவயதினரை இந்த நிகழ்ச்சி இழுப்பது பழைய நினைவால் மட்டும் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள். பழைய பாட்டைக் கேட்பதற்கு யூடியூப் போதும். கேட்பவர் என்ற தகுதியை ஒருவருக்குத் திருப்பித் தருவதற்கு ஒரு போட்டி வேண்டியிருக்கிறது.

இதற்கு முன்பும் தமிழில் பாட்டு நிகழ்ச்சிகள் இருந்தன. பி.எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்தி, பின்னர் சன் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியையும், ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்களையும் எங்கள் வயதினர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பாட்டுக்குப் பாட்டு அடிப்படையில் நினைவாற்றலுக்கான போட்டி. ஒரு பாடல் எப்படிப் பாடப்பட வேண்டும் என்ற விவாதத்தை, வாரக்கணக்கில், ஒரே பாடகரின் வளர்ச்சியைத் தொடர்ந்து, வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தது சூப்பர் சிங்கர்தான்.

அந்த விவாதத்தின் தரம் நடுவர்களைப் பொறுத்தது. ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் ஆகியோர் அமர்ந்த சீசன்களை நான் இப்போதும் உயர்வாக வைக்கிறேன். சுருதி விலகியது என்று சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை; எந்தச் சங்கதியில், அதாவது குரலின் எந்த வளைவில் விலகியது, அந்த வரியை எப்படிப் பிடித்திருக்கலாம் என்று தாங்களே பாடிக் காட்டினார்கள். ஜூனியர் சீசன்களில் சித்ரா ஒரு குழந்தையின் தவறைத் திருத்தும்போது காட்டிய கனிவும், மனோவின் உற்சாகமும் வேறு வகை. குரல் பயிற்சியாளர் அனந்த் வைத்தியநாதன் மூச்சையும் தொண்டையையும் பற்றிப் பேசிய பகுதிகள், பாட்டு வரம் மட்டுமே என்று நம்பி வளர்ந்த எங்களுக்கு, அது உடலின் உழைப்பும்கூட என்று முதன்முதலாகச் சொல்லின. ஒரு பெண்ணுக்கு ஐந்தரைக் கட்டைச் சுருதி எளிதாக இருப்பதும், ஆண் பாடிய பாட்டை அதே சுருதியில் அவள் எடுத்தால் கீழ் ஸ்தாயியில் சொற்கள் மங்கிப்போவதும் எங்கள் வீட்டில் இன்று சாதாரணப் பேச்சு. பிற்காலச் சீசன்களில் இந்த நுணுக்கம் குறைந்து பாராட்டு மிகுந்துவிட்டது. எழுந்து நின்று கைதட்டுவதும், மேலிருந்து ஜிகினாத் தாள்கள் பொழிவதும் கண்ணுக்கு அழகாக இருக்கலாம். என்ன காரணத்துக்காகப் பொழிந்தது என்று சொல்லப்படாதபோது கேட்பவருக்கு அதில் பங்கில்லை. இந்த ஒரு விஷயத்தில் பழைய சீசன்கள் புதியவற்றைவிடத் தெளிவாக மேலானவை.

பெண் பார்வையாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கான போட்டியில் 2006இலிருந்து 2021வரை நிறைவடைந்த எட்டு சீசன்களிலும் வென்றவர்கள் ஆண்கள். 2023இல் ஒன்பதாவது சீசனில் அருணா வென்றபோதுதான் முதன்முறையாக ஒரு பெண் அந்தப் பட்டத்தைப் பெற்றார். ஆனால் ஜூனியர் போட்டியில் 2010, 2015, 2017 ஆண்டுகளிலேயே சிறுமிகள் முதலிடம் பெற்றிருக்கிறார்கள். இதற்கு வாக்களிப்பு முறை உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். ஆயினும், எங்கள் தலைமுறைப் பெண்கள் இந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தங்கள் வாழ்க்கையின் ஒரு பகுதி கண்ணில் படாமல் போகாது. நான் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் பாடினேன். ஆண்டு விழாவில் இறைவணக்கம் என் குரலில்தான் தொடங்கும். கல்லூரியில் மெல்லிசைக் குழு ஒன்றில் பாடக் கேட்டபோது, இரவு நிகழ்ச்சிகளுக்குப் போய்வருவது சரிப்படாது என்று வீட்டில் தீர்மானித்தார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. நானும் எதிர்த்துப் பேசவில்லை. அப்படியே பாட்டு நின்றது. எங்கள் தெருவில் இதே போன்ற கதை சொல்ல இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். 2023 இறுதிச் சுற்றில் முடிவு அறிவிக்கப்பட்டபோது நான் அழுதேன். அருணாவின் குரல் எனக்குப் பிடித்திருந்தது என்பது மட்டுமே அதற்குக் காரணம் இல்லை.

பிரிட்டனில் 2009ஆம் ஆண்டு இதே வகைப் போட்டி ஒன்றில், தன் வயது 47 என்று மேடையில் சொன்ன சூசன் பாயலைப் பார்த்து அரங்கம் முதலில் முகம் சுளித்ததும், அவர் பாடத் தொடங்கிய சில நொடிகளில் எழுந்து நின்றதும் உலகம் முழுவதும் பார்க்கப்பட்டது. நம் மேடைகளில் அந்த வயதுப் பெண் ஒருவர் முன்வரிசைக்கு வந்து பாடும் நாளை நான் உண்மையாகவே எதிர்பார்க்கிறேன். இங்கு எங்கள் வயதுக்காரர்களைக் கேமரா பெரும்பாலும் பெற்றோர் வரிசையில்தான் காட்டுகிறது. அந்த வரிசையும் பெரிய ஈர்ப்புதான் என்பதை மறுக்க மாட்டேன். மகன் மேல் ஸ்தாயியை எட்டும் நொடியில் உதடு அசைய அவனோடு சேர்ந்து பாடும் ஒரு தாயின் முகத்தைப் பார்க்கும்போது, போட்டியாளரைவிட அந்தத் தாயோடுதான் நான் இருக்கிறேன்.

2018இல் செந்தில் கணேஷ் வென்ற ஆறாவது சீசன் இன்னொரு வகையில் எங்கள் வயதினரைச் சேர்த்துக்கொண்டது. புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறக் கலைஞரான அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் ஒரே சீசனில் போட்டியிட்டார்கள். வயல் வேலையிலும் கோயில் கொடையிலும் கேட்ட குரலைத் திரைப்பாடலுக்குச் சமமான மேடையில் நிறுத்தியதும், அதற்கு முதல் பரிசு கிடைத்ததும் கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு வந்து குடியேறிய பலருக்கு மிகவும் நெருக்கமான செய்தியாக இருந்தன. என் கணவர் அதுவரை இந்த நிகழ்ச்சியைச் செய்தித்தாளுக்கு மேலிருந்து பார்த்தவர். அந்த சீசனில்தான் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

குறைகளுக்கு வருகிறேன். இவை இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் உரியவை அல்ல. இவ்வகைப் போட்டிகள் அனைத்துக்கும் பொதுவானவை. நேரம் மிக நீளம். பாடகரின் குடும்பத் துயரத்தைப் பாடலுக்கு முன்பே சொல்லி, சோக இசை சேர்த்து, நம் காதுகளை இரக்கத்தால் நிரப்பிவிட்டுப் பிறகு பாட வைப்பது பாடகருக்கே செய்யும் அநீதி. நல்ல குரலுக்கு அந்தத் துணை தேவையில்லை. குழந்தைகளை எலிமினேஷன் என்ற பெயரில் மேடையில் காத்திருக்க வைத்து, அவர்கள் அழுவதை நெருக்கமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜூனியர் சீசன்களில் அந்தப் பகுதி வரும்போது நான் எழுந்து போய்விடுவேன். வாக்களிப்பு, பாட்டைவிடப் பாடகரின் ஊரையும் கதையையும் பார்த்து விழுகிறது என்ற சந்தேகமும் நியாயமானது. முதலிடம் பெறாதவர்கள் பின்னர் நெடுந்தொலைவு சென்றிருக்கிறார்கள். மூன்றாவது சீசனில் பட்டத்தைத் தவறவிட்ட சத்யபிரகாஷ் ரகுமான் இசையில் பாடியது எங்கள் வீட்டில் பட்டம் வென்றதற்குச் சமமாகக் கொண்டாடப்பட்டது.

ஜீ தமிழின் சரிகமபவையும் நாங்கள் பார்க்கிறோம். 2023 டிசம்பரில் அதன் சிறுவர் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருவர் வென்றார். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அன்று அங்கிருந்து வந்த பாட்டு இன்று ஒரு குழந்தையின் குரலாக இங்கே வந்து சேர்ந்தது போல் இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், பாடலைப் பற்றிய பேச்சுக்காகப் பழைய சூப்பர் சிங்கர் சீசன்களையே நான் பரிந்துரைப்பேன்.

புதிதாகப் பார்க்க விரும்பும் என் வயதினருக்கு ஒரு யோசனை. நேரடி ஒளிபரப்பில் பார்த்தால் விளம்பரங்களோடு மாலை முழுவதும் போய்விடும். ஜியோஹாட்ஸ்டாரில் பார்த்தால் தொகுப்பாளர்களின் வேடிக்கைப் பகுதிகளைத் தாண்டிப் பாடலுக்கும் நடுவர் பேச்சுக்கும் நேராகப் போகலாம். ஆனால் தனியாகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்து, "இல்லை, இது ஜானகி பாடியதுபோல் வரவில்லை" என்று மறுத்துப் பேசினால்தான் இந்த நிகழ்ச்சி முழுமையாகிறது.

எனக்கு இன்னும் தீராத ஒரு குறை உண்டு. நேரம் கருதி, பெரும்பாலும் பல்லவியையும் ஒரு சரணத்தையும் மட்டுமே பாட விடுகிறார்கள். கவிஞர் தன் சிறந்த வரிகளை வைத்திருப்பது பல பாடல்களில் இரண்டாவது சரணத்தில்தான். சென்ற சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு மிகவும் பிடித்த பாடலை ஓர் இளம்பெண் அருமையாகப் பாடி, அதே இடத்தில் முடித்துக்கொண்டார். மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள்; கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "அவ்வளவுதானா பாட்டு?" என்று கேட்டாள். என் கணவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். இடையிசையை அவர் வாயால் முனக, நான் இரண்டாவது சரணத்தைத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் மகள் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.