ஐந்திலா, ஆறிலா?

தக்கலையில் இருக்கும் எங்கள் மயினிக்கு இப்போது இதே கவலைதான். மகனை ஒன்றாம் வகுப்பில் இந்த ஜூனில் சேர்ப்பதா, அடுத்த ஜூனிலா? தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் 5 வயது நிறைந்தால் போதும். கேந்திரிய வித்யாலயாவில் 6 வேண்டும். பையன் பிறந்ததோ ஜூலைக் கடைசி.

5-ல் சேர்த்தால் ஒரு வருடம் மிச்சம், சரி. ஆனால் வகுப்பில் அவன்தான் கடைக்குட்டி. முந்தின வருடம் ஆகஸ்டில் பிறந்த பிள்ளை அவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தது. இவனுக்கு இன்னும் சட்டைப் பொத்தான் போட வராது. மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் மாட்டிவிட்டு அழுவான். 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பள்ளியில் சேரும் வயதுக்குச் செப்டம்பர் 1-ஐ எல்லையாக வைத்த மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த கடைக்குட்டிகளுக்குக் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு என்று முத்திரை விழுவது, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகம் என்றது. சின்ன வயசின் துறுதுறுப்பைக் கோளாறு என்று சொல்லிவிட்டால், பிள்ளை அதை நம்பித்தானே வளரும்!

6-ல் சேர்த்தால் அவனே மூத்தவன். வகுப்பில் மூத்தவர்களாக இருந்தவர்களுக்குப் பெரியவர்களான பிறகும் தன்னம்பிக்கை சற்றுக் கூடுதல் என்று ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது. பின்லாந்தில் 7 வயதில்தான் பள்ளி.

மயினியிடம் அடுத்த ஜூன் என்றே சொல்லியிருக்கிறேன். அதுவரை அங்கன்வாடி, அப்புறம் மண்ணில் விளையாட்டு.