தங்கம் பிரிக்கும் 'ஆரம்பநிலை செட்' வாங்கப் போகிறீர்களா? 28,000 போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய கணினி உதிரிகளிலிருந்து தங்கம் பிரித்தெடுப்பதைப் பொழுதுபோக்காக ஆரம்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், அங்கங்கே வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 28,000. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வாங்கிய இடம், யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்கிற வகை ஆன்லைன் சந்தை. அங்கே ஒருவர் 'தங்கம் பிரிக்கும் ஆரம்பநிலை செட்' என்று போட்டிருந்தார். 3 கிலோ சரக்கு: ரேம் கார்டுகளின் விளிம்பில் இருக்கும் தங்க முலாம் பட்டைகள் ('ஃபிங்கர்' என்பார்கள்), கனெக்டர் பின்கள். கூடவே கண்ணாடிக் குடுவைகள், வடிதாள், கரைந்த தங்கத்தைத் தூளாக இறக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட், தங்கம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்டானஸ் குளோரைடு. அமிலம் மட்டும் நம் பொறுப்பு. கிலோவுக்கு 'குறைந்தது 4 கிராம்' தங்கம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

பணம் கட்டுவதற்கு முன் வீடியோ காலில் பேசினேன். அந்த ஆள் பேச ஆரம்பித்ததே பாதுகாப்பில்தான். "தம்பி, வீட்டுக்குள்ள வச்சுச் செய்யாதீங்க. நைட்ரிக் அமிலத்துல செம்பு கரையும்போது பழுப்பா புகை வரும். இழுத்தா அப்போதைக்குப் பெருசா தெரியாது, பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கும்." நூற்றுக்கு நூறு சரியான தகவல். நைட்ரஜன் டை ஆக்சைடு அப்படித்தான் ஆளைக் கவிழ்க்கும். பாதரசம், சயனைடு பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்றார். அதுவும் சரி. நம் உயிர்மேல் இவ்வளவு அக்கறை காட்டுகிறவர் நம் பணத்தில் கை வைப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் ஒரு தட்டில் ஃபிங்கர்களைப் பரப்பிக் காட்டினார். "சில பேர் ரெண்டு விரல் அகலத்துக்குப் பச்சைப் பலகையோட வெட்டி அனுப்பிடுவாங்க. எடையில முக்கால்வாசி கண்ணாடி இழைதான் இருக்கும். தங்கம் முடியற கோட்டை ஒட்டி வெட்டியிருக்கணும், இந்தா பாருங்க." தட்டில் இருந்தவை அப்படியே அச்சுப் பிசகாமல் வெட்டப்பட்டிருந்தன. ஒரு பின்னை எடுத்து நைட்ரிக் அமிலத்தில் போட்டார். உள்ளே இருந்த உலோகம் கரைந்துபோய், முலாம் மட்டும் பாம்புச் சட்டை மாதிரி மிதந்தது. அதை ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை, தங்கத்தையே கரைக்கும்) கரைத்து ஸ்டானஸ் குளோரைடு ஒரு சொட்டு விட்டதும் ஊதா நிறம் கறுத்து எழும்பியது. கரைசலில் தங்கம் இருந்தால் வரும் ஊதா அது. பார்த்த கையோடு 28,000 அனுப்பினேன்.

பெட்டி வந்தது. மேலே ஒரு கை உயரத்துக்குக் கோட்டை ஒட்டி வெட்டிய அருமையான ஃபிங்கர்கள். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், கீழே முழுக்க இரண்டு விரல் அகலப் பச்சைப் பலகை. சிலவற்றில் குட்டிக் குட்டிச் சிப்புகள்கூடக் கழற்றப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. எந்தத் தில்லுமுல்லை எனக்கு எச்சரித்தாரோ, அதையே எனக்குச் செய்து அனுப்பியிருக்கிறார்! இந்த ஒன்றைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

பின்கள் இருந்த பையின்மேல் காந்தத்தை வைத்தேன். பாதிக்கு மேல் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது, அதாவது உள்ளே இரும்பு. ஒட்டாததில் கொஞ்சம் எடுத்து, வெட்டவெளியில் வைத்து நைட்ரிக் அமிலத்தில் போட்டேன். பழுப்புப் புகை வந்தது, கரைசல் பச்சை கலந்த நீலமானது. எதுவும் மிதக்கவில்லை. அடியில் வெள்ளையாகச் சேறு மாதிரி ஒன்று படிந்தது, அவ்வளவுதான். தங்க முலாமே இல்லாத வெறும் பித்தளை, அதன்மேல் வெள்ளீயப் பற்று. வெள்ளீயம் நைட்ரிக் அமிலத்தில் கரையாமல் அப்படித்தான் வெள்ளைச் சேறாக இறங்கும்.

அவருக்குப் படம் அனுப்பினேன். பதில்: "அமிலம் தரமில்ல தம்பி." வேறு அமிலம் வாங்கிச் செய்தேன், அதே கதை. "டெஸ்ட் திரவம் கெட்டுப்போயிருக்கும்." அவர் கொடுத்த திரவம்தானே! இருந்தாலும், மேலடுக்கில் இருந்த நல்ல ஃபிங்கர்களிலிருந்து உரித்த தகடு ஒன்றைக் கரைத்து அதே சொட்டை விட்டுப் பார்த்தேன். ஊதா பளிச்சென்று வந்தது. பின்களில் மிஞ்சியதை அதேபோல் ராஜ திராவகத்தில் போட்டு, அந்தக் கரைசலில் சொட்டு விட்டால் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. இதையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்த பதிலைப் படியுங்கள்: "தங்கம் அந்த வெள்ளைச் சேத்துக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. அதைப் பிரிக்க என்கிட்ட ஒரு ஃபில்டர் செட் இருக்கு, உங்களுக்குன்னா பாதி விலை."

கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். வெள்ளீயச் சேறு தங்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த தொல்லை. ஆனால் பிடித்து வைக்க அங்கே தங்கம் இருக்க வேண்டுமே! 28,000 வாங்கியும் அடங்காமல் இன்னொரு செட் விற்கப் பார்க்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் தொடர்பைத் துண்டித்துவிட்டு ஆள் கம்பி நீட்டிவிட்டார்.

சரி, சந்தைக்காரர்கள் இருக்கிறார்களே என்று போனால் அது தனிக் கூத்து. முதலில் ஒரு தானியங்கி அரட்டை: 'உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?' தீரவில்லை என்று அழுத்தினால் மறுபடி முதல் கேள்வி. ஒருவழியாக மனிதக் குரல் கிடைத்தபோது, "பொருளைப் பயன்படுத்திவிட்டீர்கள் சார், எடுக்க முடியாது" என்றது. பயன்படுத்தாமல் உள்ளே தங்கம் இல்லை என்று எப்படித் தெரியும்? "அப்படியானால் பயன்படுத்தாத பகுதியை அனுப்புங்கள்." அனுப்புகிறேன் என்றேன். அடுத்து பேசியவர், "எடை குறைகிறது, ஏற்க முடியாது" என்றார். அதற்கடுத்தவர் விளம்பரத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். கீழே பொடி எழுத்தில் 'விளைச்சல் செய்பவரின் திறமையைப் பொறுத்தது' என்று இருக்கிறதாம். 28,000 பற்றிக் கேட்டால், 'புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது' என்று ஒரு மின்னஞ்சல். எதைத் தீர்த்தார்கள்?

மேலடுக்கு நல்ல சரக்கிலிருந்து வந்ததை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் ஒரு குண்டுமணித் தங்கம்கூடத் தேறாது. அந்த '4 கிராம்' எவ்வளவு பெரிய புளுகு என்று பிறகுதான் கணக்குப் போட்டேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். நல்ல ஃபிங்கரில் முலாம் சுமார் 0.75 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். அப்படியென்றால் 1 சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 1.45 மில்லிகிராம். 1 கிராம் சேர 690 சதுர சென்டிமீட்டர் முலாம் வேண்டும், ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது, அதுவும் வெறும் தங்கப் பரப்பு மட்டும். சர்க்யூட் பலகைகளில் மினுமினுக்கும் மெல்லிய முலாம் 0.05 மைக்ரான் அளவில்தான் இருக்கும். அதில் 1 கிராம் எடுக்க 1 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான். 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்று யாரும் தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லிவிடாதீர்கள்.

விவரமாக ஆலோசனை சொல்கிறேன் என்றேன், இப்போது எழுதினால் திட்டுதான் வரும். அவசரத்துக்குச் சில மட்டும். கிலோவுக்கு இத்தனை கிராம் என்று உத்தரவாதம் தரும் சரக்கைத் தொடாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள், அடிவரை கொட்டிக் காட்டுங்கள். அமிலத்தில் போடுவதற்கு முன் காந்தம். ஸ்டானஸ் குளோரைடைத் தங்கம் இருப்பது உறுதியான கரைசலில் முதலில் சோதித்துவிடுங்கள், அப்போதுதான் 'திரவம் கெட்டுவிட்டது' என்று எவனும் கதை விட முடியாது. முதல் தடவை மொத்தமாக வாங்கவே வாங்காதீர்கள். உங்களிடமே கிடக்கும் செத்த ரேம் கார்டுகள் பழகுவதற்குப் போதும்.

இன்னொன்று. செம்பு கரைந்த அந்த அமிலக் கழிவைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். என்னிடம் மூடி போட்ட ஒரு வாளி நிறைய இருக்கிறது. இரும்புத் துண்டுகளைப் போட்டுச் செம்பை இறக்கி, மிச்ச அமிலத்தைச் சமன்படுத்தி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். 28,000 போனது போக, அந்தச் செலவும் என் தலையில்தான்.