வேலையில் இருக்கும்போது சாலை விபத்து: எம்.சி.ஓ.பி.யா, தொழிலாளர் இழப்பீடா, இ.எஸ்.ஐ.யா?

வேலையாக வண்டியில் போய் அடிபட்டவர் இழப்பீடு கேட்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-ஆம் பிரிவின் கீழ் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனு. தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் இதை எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மூல மனு) என்றால்தான் எல்லோருக்கும் புரியும். இரண்டாவது, தொழிலாளர் துணை ஆணையரிடம் போடும் தொழிலாளர் இழப்பீட்டு மனு. இதை இன்னும் டபிள்யூ.சி. கேஸ் என்றுதான் சொல்கிறார்கள். மூன்றாவது இ.எஸ்.ஐ., அதாவது சம்பளத்தில் பிடித்தம் செய்து நடத்தும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்.

முதல் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இரண்டிலும் கேட்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு சொல்கிறது. இ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கு இந்தத் தேர்வே பாதி கிடையாது. அதனால் யார் முதலில் வந்து எந்தத் தாளை நீட்டினாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

தவறு யாருடையது?

முதல் இரண்டு வழிகளும் பிரிவது இங்கேதான். 166-ஆம் பிரிவு மனுவில் எதிரே வந்த வண்டி ஓட்டியவரின் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டும். உங்கள் பக்கமும் தவறு இருந்தால், அந்தச் சதவீதம் தொகையில் கழியும். மழையில் சறுக்கி நீங்களே விழுந்திருந்தால் அந்த மனு நிற்காது. இடித்த வண்டி அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டால் எதிர்மனுதாரர் என்று யாருமே இருக்க மாட்டார். அப்போது மோட்டார் வாகனச் சட்டத்தில் மிஞ்சுவது 161-ஆம் பிரிவு நிதி மட்டும்: மரணத்துக்கு ரூ. 2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ. 50,000.

தொழிலாளர் இழப்பீட்டில் தவறு யாருடையது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நடந்ததா என்பதுதான் கேள்வி. ஓட்டுநர் தூங்கிப்போய் லாரி கவிழ்ந்தாலும் கிடைக்கும். குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ மறுக்கலாம். ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விலக்குகூடப் பொருந்தாது.

லாரி ஓட்டுநர், கிளீனர் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு வசதி இருக்கிறது. வெறும் மூன்றாம் நபர் பாலிசியாக இருந்தாலும், தொழிலாளர் இழப்பீட்டு அளவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டியாக வேண்டும். முதலாளியிடம் பணமில்லை என்பது அங்கே காரணமாகாது. ஆனால் பணம் தராமல் இழுத்தடித்ததற்கு ஆணையர் விதிக்கும் அபராதம் முதலாளியின் தலையில்தான் விழும், இன்சூரன்ஸ் அதை ஏற்காது.

கணக்கு

35 வயது, மாதச் சம்பளம் ரூ. 20,000, கால் முறிந்து சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் நிரந்தரமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

தொழிலாளர் இழப்பீட்டில் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் ரூ. 15,000-க்கு மேல் கணக்கில் வராது. 2020 ஜனவரியிலிருந்து இதுதான் வரம்பு. அதில் 60 சதவீதம் ரூ. 9,000. சட்டத்தின் அட்டவணையில் 35 வயதுக்குக் கொடுத்திருக்கும் பெருக்கு எண், அதாவது காரணி, 197.06. பெருக்கினால் ரூ. 17,73,540, அதில் 40 சதவீதம் ரூ. 7,09,416. மருத்துவச் செலவு தனி. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு, அபராதம் 50 சதவீதம் வரை போகலாம்.

தீர்ப்பாயத்தில் சம்பள வரம்பு இல்லை. 40 வயதுக்குள் இருக்கும் நிலையான சம்பளக்காரருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வகுத்த முறை. நிரந்தர வேலைக்காரருக்கு அது 50 சதவீதம். ரூ. 20,000 ரூ. 28,000 ஆகிறது. ஆண்டுக்கு ரூ. 3,36,000. 31 முதல் 35 வயது வரை, ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் (பெருக்கி) 16. அதில் 40 சதவீதம் எடுத்தால் ரூ. 21,50,400. வலி, வேதனை, மருத்துவச் செலவு, உதவியாள் செலவு எல்லாம் இதற்கு மேல்.

பலர் 'என் மேலும் தப்பு இருக்கு, டபிள்யூ.சி.யே போதும்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த எண்களை வைத்துப் பாருங்கள். தவறில் பாதி உங்களுடையது என்று தீர்ப்பாயம் சொன்னால்கூட ரூ. 10,75,200 கிடைக்கும். உங்கள் தவறு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால்தான் தொழிலாளர் இழப்பீடு முந்துகிறது. சம்பளம் ரூ. 15,000 அல்லது அதற்கும் குறைவென்றால் அந்த எல்லை 56 சதவீதம் அளவுக்கு இறங்கும். எதிர் வண்டி அடையாளம் தெரிந்து, அதற்கு இன்சூரன்ஸும் இருந்தால் எம்.சி.ஓ.பி.தான் சரி. தானே விழுந்தது, தன் லாரியே கவிழ்ந்தது, இடித்த வண்டி தெரியவில்லை என்றால் தயங்காமல் தொழிலாளர் இழப்பீட்டுக்குப் போகலாம்.

ஊனச் சதவீதத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மெடிக்கல் போர்டு தரும் 40 சதவீதம் உடலின் இழப்பு, வருமான இழப்பு வேறு. கணினி முன் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு முழங்கால் மடங்காமல் போவதும், கிளட்ச் மிதிக்க வேண்டிய ஓட்டுநருக்கு அதே முழங்கால் மடங்காமல் போவதும் ஒன்றல்ல. ஓட்டுநருக்கு அது 100 சதவீத வருமான இழப்பாகக்கூட ஆகலாம். இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாக்கியது. ஆனாலும் சான்றிதழில் உள்ள எண்ணையே அப்படியே மனுவில் எழுதிவிடுவது இன்றைக்கும் நடக்கிறது. என்ன வேலை, அதில் எந்த அசைவு தேவை, எது இனி முடியாது என்று மருத்துவரைச் சாட்சிக் கூண்டிலேயே சொல்ல வைக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. இருந்தால்

மாதம் ரூ. 21,000 வரை சம்பளம் வாங்கி, 0.75 சதவீதம் பிடித்தம் போய்க்கொண்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் பிடித்தம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, முதல் நாள் அடிபட்டாலும் உண்டு. மேலே சொன்ன அதே ஆளுக்கு மாதம் ஏறத்தாழ ரூ. 7,200 (சம்பளத்தில் 90 சதவீதம், அதில் 40 சதவீதம்) ஆயுள் முழுக்க வரும். எட்டே கால் ஆண்டில் தொழிலாளர் இழப்பீட்டுத் தொகையைத் தாண்டிவிடும்.

இதற்கு ஈடாக, அதே காயத்துக்கு முதலாளியிடமோ வேறு எவரிடமோ எந்தச் சட்டத்தின் கீழும் இழப்பீடு கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவின் தடை அது. 'வேறு எவரிடமும்' என்ற அந்தச் சொற்கள் வெளியாளின் வண்டியையும் தடுக்குமா என்பதில் சர்ச்சை உண்டு. ஆகவே இடித்தது வேறொருவரின் வண்டி என்றால், இ.எஸ்.ஐ. இருக்கிறது என்பதற்காக, வக்கீலைக் கேட்காமல் எம்.சி.ஓ.பி.யைக் கைவிட வேண்டாம். இன்சூரன்ஸ் தரப்பு ஆட்சேபம் எழுப்பத்தான் செய்யும், எதிர்கொள்ளத் தயாராக இருங்கள். நிறுவனம் விபத்து அறிக்கையை, அதாவது படிவம் 12-ஐ, இ.எஸ்.ஐ.க்கு அனுப்பிவிட்டதா என்று அந்த வாரமே கேளுங்கள். அது போகாததால்தான் பல கோரிக்கைகள் 'சாதாரண நோய்' கணக்கில் விழுந்து, 90 சதவீதத்துக்குப் பதில் குறைந்த விகிதத்தில் நிற்கின்றன.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்? இ.எஸ்.ஐ.யில் 2010 திருத்தம் இதை வேலைக் காயமாகவே சேர்த்துவிட்டது. தொழிலாளர் இழப்பீட்டில் நீண்ட காலம் இழுபறியாக இருந்தது. நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு ஒட்டினால் பயணமும் அடங்கும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே விதி எழுத்திலேயே இருக்கிறது. 1923 சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் இப்போது அதற்குள் போய்விட்டன. 60 சதவீதம், காரணி என்று கணக்குப் போடும் முறை மாறவில்லை.

காலமும் காகிதமும்

தொழிலாளர் இழப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுகள். எம்.சி.ஓ.பி.க்கு 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளில் ஆறே மாதம். இந்த ஆறு மாத வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி நாள் கடத்த வேண்டாம். 'ரெண்டு வருஷம் இருக்கே' என்று உட்கார்ந்திருப்பவர்கள் மூன்று மடங்குத் தொகை கிடைக்கக்கூடிய வழியை இழக்கிறார்கள்.

மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆருக்கும் முந்திய ஆவணம். கூட வந்தவர் பதற்றத்தில் 'வண்டி சறுக்கி விழுந்துட்டார்' என்றால் அதுவே பதிவாகும். பிறகு எஃப்.ஐ.ஆரில் லாரி இடித்ததாக வந்தால், இன்சூரன்ஸ் வக்கீல் முதல் குறுக்கு விசாரணையிலேயே அந்த வரியைத்தான் எடுப்பார். எந்த வண்டி, என்ன எண், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அங்கேயே சொல்ல வேண்டும். வேலையாகப் போனதற்கு டிரிப் ஷீட், டெலிவரி ஆப்பின் ஸ்கிரீன்ஷாட், மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் சான்று. சம்பளம் கையில் வாங்குபவர் என்றால் பேட்டா கணக்கு எழுதிய நோட்டைக்கூட எறிந்துவிடக் கூடாது.

தலைக்கவசம் போடாதவருக்குத் தலையில் அடிபட்டால், தொகையைக் குறைக்கச் சொல்லி வாதம் வரும். ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்பது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே வந்த வரம்பு. அதைத் தாண்டி ஓட்டச் சொன்னதற்கு லாக் புக்கும் டோல் ரசீதுகளும் சாட்சி. ரசீதுகளை படமெடுத்து வையுங்கள், வண்டி மறுநாளே வேறு ஓட்டுநர் கைக்குப் போய்விடும்.

முதலாளி தானாகவே ஆணையரிடம் ஒரு தொகையைக் கட்டி, நீங்கள் அதை வாங்கியிருந்தால் எம்.சி.ஓ.பி. போய்விட்டதா என்று பயப்பட வேண்டாம். அது நீங்கள் செய்த தேர்வு ஆகாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கிய தொகை மட்டும் கழியும். நீங்களே மனுப் போட்டு வாங்கியிருந்தால் நிலைமை வேறு. 'முழுத் தீர்வு' என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்க மருத்துவமனைக்கே ஆள் வந்தால், அதன் நகலைக் கேட்டு வாங்கி வக்கீலிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.